திட்டம் யாருக்கு?

கிராமத் தொண்டு புரியும் ஆர்வம் நம்மில் பலருக்கு உண்டு. அவ்வார்வம் எவ்வாறு திட்டமாக உருப்பெற வேண்டும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. நான் கற்ற பாடத்தைக் கொண்டே அதை விளக்க விழைகிறேன்.

திருப்பதியில் பயின்றபோது நாங்கள் ஆறு பேர், சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்புத் தொடங்கினோம். பலகை, பாடநூல், மாலை 4 மணி என எல்லாம் விடுதி அறையிலேயே முடிவாயிற்று. ஊராரும் தலையசைத்தனர். முதல் நாள் 18 பேர் வந்தனர். பத்தாம் நாள் ஒருவரும் வரவில்லை. "ஊராருக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கையில் எழுதினோம்.

புறப்படும்போது மூதாட்டி ஒருவர் சொன்னார்: "நாலு மணிக்குத்தாம்பா கொழாயில தண்ணி வரும். நாங்க வந்துட்டா கொடத்த யாரு புடிப்பாங்க? நீங்க கொண்டாந்தது தமிழ்ப் பொஸ்தகம். எம் மருமகளுக்குத் தெலுங்குதான் வரும்."

குறை ஊரில் இல்லை. எங்கள் தாளில் இருந்தது.

இத்தவறு எங்களோடு தோன்றியதன்று. சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2-இல் நாடெங்கும் 55 இடங்களில் தொடங்கியது. அதனை ஆராய்ந்த பல்வந்தராய் மேத்தா குழு, மக்களின் சொந்த முயற்சியைத் திட்டம் தட்டியெழுப்பவில்லை என்று 1957-இல் கூறிற்று. மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களிடம் பொறுப்பை விடுவதே அக்குழு கண்ட மருந்து. 1959-இல் இராசத்தானமும் ஆந்திரமும் அதனை முதலில் மேற்கொண்டன. அரசுக்கே நேர்ந்த பிழை நமக்கு நேராதிருக்க வழி யாது?

முதலாவது, ஊரைக் காணல். மக்களையே தெருவையும் ஏரியையும் கிணற்றையும் தரையில் வரையச் செய்க. யார் எப்போது வேலைக்குப் போகிறார், எப்போது திரும்புகிறார் என்று கேட்டறிக. சித்தூர்ப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குவதால் இரு மொழியிலும் கேட்க வேண்டும். கணக்கிலும் கவனம் தேவை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எனவே 2011 குடிமதிப்பின் சித்தூர் எண்களை இன்றைய எல்லைக்கு அப்படியே பொருத்தலாகாது.

இரண்டாவது, தேவையைத் தேர்தல். பத்துக் குறைகளில் எது முதல் என்பதை ஊரே சொல்லட்டும். பெண்களையும் கூலியாட்களையும் தனியே கேளுங்கள். பொதுக்கூட்டத்தில் அவர்கள் வாய் திறப்பது அரிது.

மூன்றாவது, குறிக்கோளை அளவிடல். "கல்வி வளர்ப்போம்" என்பது விருப்பம். "ஆறு மாதத்தில் 15 பேர் தம் பெயரையும் பேருந்துப் பலகையையும் படிப்பர்" என்பதே குறிக்கோள்.

நான்காவது, பொறுப்பைப் பங்கிடல். எவர் செய்வார், பணம் எங்கிருந்து வரும், நாம் தேர்வுக்குச் சென்றபின் எவர் நடத்துவார்? இம்மூன்றாம் கேள்விக்கு விடையில்லையேல் திட்டம் முடியவில்லை என்றே பொருள்.

ஐந்தாவது, இடையிடையே சரிபார்த்தல். வந்தவரை மட்டும் எண்ணாதீர். நின்றவரின் வீட்டுக்குச் சென்று காரணம் கேளுங்கள்.

நாங்கள் மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். வகுப்பு இரவு 8 மணிக்கு மாறிற்று. தெலுங்குப் புத்தகமும் வந்தது. உள்ளூர்ப் பெண் ஒருவரே ஆசிரியரானார். 11 பேர் இறுதிவரை பயின்றனர். அம்மூதாட்டியின் மருமகள் வங்கித் தாளில் கைரேகை வைக்காமல் கையெழுத்திட்டார்.

அன்றிரவு பழைய அறிக்கையை எடுத்து, "ஊராருக்கு ஆர்வமில்லை" என்ற வரியை அடித்தேன். "நாங்கள் கேட்கவில்லை" என்று அதன்மேல் எழுதினேன்.