லிஃப்ட் கேட்கும் முன்...



ஷிப்ட் முடியும் நேரத்தில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் எதிரே நின்று பாருங்கள். கையை நீட்டி லிஃப்ட் கேட்டபடி நம்ம பசங்க நிற்பார்கள். இன்பிளான்ட் டிரெயினிங்கில் நானும் அப்படி நின்றவன்தான். ஓர் இரவு பஸ்ஸை விட்டுவிட்டேன். டிரெய்லர் ஒன்று நின்றது. "பூந்தமல்லிதானே? ஏறு தம்பி" என்றார் டிரைவர் அண்ணன். இறங்கும்போது காசு நீட்டினேன். "படிக்கிற புள்ள, வச்சுக்கோ" என்று போய்விட்டார்.

எங்கள் சீனியர் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரகடம் சாலையில் குட்டியானையின் பின்னால் ஏறினார். திருப்பத்தில் விழுந்து கை முறிந்தது. இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. இரக்கப்பட்டு ஏற்றிய டிரைவர்தான் கடன் வாங்கி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார்.

ஏன் இப்படி? சரக்கு வண்டியில் சும்மா ஏறிவரும் பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பைக்கிலும் சிக்கல் உண்டு. 'தேர்டு பார்ட்டி' பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் உட்காருபவருக்கு அது பொருந்தாது என்று 2006-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. 'பேக்கேஜ்' பாலிசி என்றால் பாதுகாப்பு உண்டு. ஆக, விபத்து நடந்தால் பாரம் உதவி செய்தவர் தலையில்தான்!

வெளிநாட்டில் எப்படி? போலந்தில் 1958-ல் லிஃப்ட் கேட்பவர்களுக்கென்றே கூப்பன் புத்தகம் கொடுத்தார்கள். பயணம் செய்த தூரத்துக்கு டிரைவரிடம் கூப்பன் கிழித்துத் தர வேண்டும். நிறைய கூப்பன் சேர்த்த டிரைவருக்குப் பரிசு கிடைக்கும். ஜெர்மனியில் ஆட்டோபான் சாலையில் யாரும் நடக்கவோ நிற்கவோ கூடாது. லிஃப்ட் வேண்டுமானால் பெட்ரோல் பங்க், ஓய்விடங்களில்தான் கேட்க வேண்டும். உதவிக்கும் ஓர் ஒழுங்கு!

நமக்கு அப்படி ஏற்பாடு இல்லை. ஆகவே நாமே சில பழக்கங்களை வைத்துக்கொள்வோம்:

1. லாரி, குட்டியானை வேண்டவே வேண்டாம்.
2. பைக்கில் ஏறுமுன் "அண்ணே, பேக்கேஜ் பாலிசியா?" என்று கேளுங்கள். ஹெல்மெட் இருவருக்கும் வேண்டும்.
3. வண்டி எண்ணை நண்பனுக்கு மெசேஜ் அனுப்புங்கள்.
4. ஹைவேயில் நிற்காதீர்கள், சர்வீஸ் ரோட்டில் நில்லுங்கள்.
5. ஷிப்ட் நேரத்துக்கு பஸ் கேட்டு, நம் மாணவர் பேரவை மூலம் மனு கொடுப்போம்.

வண்டியை நிறுத்தும் நல்ல மனசு நம்ம ஊரில் நிறைய இருக்கிறது. அந்த மனசுக்கு நாம் நஷ்டம் வைக்கலாமா? சிந்திப்போம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்