உப்புக் கரைசல்: எதனால் வகுப்பது?

அண்ணனூரில் பத்தாம் வகுப்புக்குக் 'கரைசல்கள்' பாடம் நடத்தி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டேன். "100 கிராம் நீரில் 25 கிராம் உப்பைக் கரைத்தால் நிறை சதவீதம் என்ன?" பாதிப் பேருக்கு மேல் "25" என்றார்கள். சூத்திரத்தைக் கேட்டால் பிழையின்றி ஒப்பித்தார்கள்.

குழப்பத்திற்குக் காரணம் பாடத்திலேயே இருக்கிறது. கரைதிறனை 100 கிராம் கரைப்பானுக்குச் சொல்கிறோம். நிறை சதவீதத்தை 100 கிராம் கரைசலுக்குச் சொல்கிறோம். இந்த வேறுபாட்டை நானும் பல ஆண்டுகள் அழுத்திச் சொன்னதில்லை.

மறுநாள் சமையலறைத் தராசைக் கொண்டு சென்றேன். டம்ளரை வைத்துப் பூச்சியமாக்கி, 100 கிராம் நீரில் 25 கிராம் உப்பைக் கலக்கினோம். தராசு 125 காட்டியது. "சார், அப்ப 125-ஆலதானே வகுக்கணும்?" என்றான் ஒருவன். 25 ÷ 125 × 100 = 20%. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கேள்வி: 30% உப்புக் கரைசல் தயாரிக்க முடியுமா? 30 கிராம் உப்பும் 70 கிராம் நீரும் வேண்டும். 25° செல்சியஸில் 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் உப்பே கரையும். எனவே 70 கிராம் நீரில் ஏறக்குறைய 25 கிராம்தான் கரையும். மீதி அடியில் தங்கும். தெவிட்டிய கரைசலே 36 ÷ 136 × 100 = 26.5% தான்.

அப்போது ஒரு மாணவி, "எங்க வீட்ல ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணியிலதான் கலப்பாங்க சார்" என்றாள். பாடம் அங்கே வீட்டுக்குப் போனது. உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டுக் கலவையில் சோடியம் குளோரைடு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 என மொத்தம் 20.5 கிராம். இது 1 லிட்டர் நீருக்கானது.

1000 கிராம் நீரில்: 20.5 ÷ 1020.5 × 100 = 2.0%
200 கிராம் நீரில்: 20.5 ÷ 220.5 × 100 = 9.3%

செறிவு நான்கரை மடங்குக்கு மேல். அப்படிக் குடித்தால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு கூடலாம். இரத்தத்தில் சோடியமும் உயரலாம். 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் கிடைப்பதால், உறையில் உள்ள அளவைப் படிக்கவும் பழக்கினேன்.

ஆசிரியர்களே, சூத்திரத்தை எழுதும் முன் ஒருமுறை தராசை வையுங்கள். வீட்டுப்பாடமாக இதைக் கொடுக்கலாம்: கடல்நீரைப் போல 3.5% உப்புக் கரைசல் 500 கிராம் தயாரிக்க உப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு? விடை 17.5 கிராமும் 482.5 கிராமும். நீர் 500 என்று எழுதும் மாணவருக்கு மீண்டும் தராசு தேவை.