ஈரக்காற்றும் இரும்புக் குழலும்

நவி மும்பை கோபர்கைரனேயில் ஜூலை பிறந்துவிட்டால் இரும்புச் சாமான் எதையும் திறந்து வைக்க முடியாது. ஒரு பக்கம் தாணே கழிமுகத்தின் உப்புக்காற்று, மேலே விடாத மழை. ராத்திரி மேசையில் விட்ட வெர்னியர் விடிவதற்குள் சிவந்துவிடும். ஆனால் துப்பாக்கிக் குழலுக்குப் புளூயிங் என்ற கருநீல நிறம் ஏற்றும் பழைய முறைக்கு வேண்டியதே இந்தக் காற்றுதான். ஊர் வாகைப் பார்த்துத்தான் வீட்டில் என்ன சாதனம் வைப்பது என்று முடிவுசெய்தேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கைவைத்தது அக்கா மகனின் 0.177 அங்குல ஏர் ரைபிள். ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத இந்த வகைக்கு உரிமம் தேவையில்லை. தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி என்றால் கதை வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி அதைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். நிறம்தானே ஏற்றுகிறோம் என்று வாதாடாமல், உரிமம் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்.

புளூயிங் ஏற்ற முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று சூட்டு முறை: காஸ்டிக் சோடாவையும் நைட்ரேட் உப்பையும் கரைத்து 140 டிகிரி அளவுக்குக் காய்ச்சி, இரும்பை அதில் முக்குவது. அரை மணியில் வேலை முடியும். பக்கத்து டிடிசி தொழிற்பேட்டையில் பிளாக்கனிங் என்று செய்து கொடுப்பது இதைத்தான். சோசைட்டி ஃபிளாட்டில் இதை நினைக்கவே வேண்டாம். அந்தத் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால்கூடக் குபீரென்று தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஈயப் பற்று வைத்த இணைப்புகளையும் அது அரித்துவிடும். இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கு இன்றும் இரண்டாவது வழியான துரு முறையைக் கையாள்வது அதனால்தான்.

துரு முறையில் மெல்லிய செந்துருவை வரவழைத்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, அதை மாக்னடைட் என்ற கருப்பு ஆக்சைடாக மாற்றுகிறோம். இதற்கு வேண்டிய பெரிய சாதனம் ஒரு தொட்டி மட்டுமே. இரண்டடி நீளத்தில் ஸ்டெயின்லெஸ் தகட்டை மடித்து, மூலைகளை ஆர்கான் வெல்டிங் வைத்து வாங்கினேன். வீட்டு அடுப்பின் இரண்டு பர்னருக்கும் குறுக்கே அது சரியாக உட்காரும். தண்ணீருக்குப் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் கேன். குழாய்த் தண்ணீரில் கொதிக்கவைத்தால் வெள்ளைப் புள்ளி விழும். ஏசியில் சொட்டுவதைப் பிடித்து வைப்பவர்களும் உண்டு; காயிலின் தூசியும் அழுக்கும் சேர்ந்து வருவதால் நான் அதைத் தொடுவதில்லை. துரு பிடிக்கவைக்க, மும்பை லாமிங்டன் ரோட்டில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடைத் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வரும்வரை கரைத்துக்கொண்டேன். இதன் ஆவி பட்டால் சுற்றியுள்ள இரும்பெல்லாம் துருவேறும். கருவிப் பெட்டி இருக்கும் அறையில் இந்த வேலை கூடாது.

குழலைக் கழற்றும்போது கவனம் தேவை. உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் முகத்தில் அடிக்கும். பழகிய ஆளை வைத்துக் கழற்றுங்கள். பழைய நிறத்தை எமரி தாளால் நீக்கியபின் எண்ணெய்ப் பிசுக்கு அறவே போகவேண்டும். தேய்ப்பதற்கான ஸ்டீல் வூலிலும் எண்ணெய் இருக்கும்; அதையும் அசிட்டோனில் அலசுங்கள். அசிட்டோன் வேலை முடிந்து மூடி போட்டு வெளியே வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கலாம். அதற்குமேல் வெறுங்கை குழலில் படக்கூடாது. இரு முனையிலும் தேக்குக் குச்சியைச் செருகிக்கொண்டால் பிடிக்கவும் வாகு, உள்துளையில் கரைசலும் போகாது.

பஞ்சைக் கரைசலில் தொட்டு நன்றாகப் பிழிந்து, ஒரே திசையில் ஒருமுறை இழுக்கவேண்டும். மழைக்காலத்தில் மூன்று நான்கு மணி நேரத்திலேயே துரு பூத்துவிடும். ராத்திரி முழுக்க விட்டால் குழி விழும். பிப்ரவரியில் இதே ஊரில் மதியக் காற்று வறண்டுபோகும். அப்போது குளியலறையில் வெந்நீர் வாளி வைத்துக் கதவைச் சாத்தினால் போதும்.

செங்கல் நிறக் குழல் கொதிநீரில் இறங்கியதும் சில நிமிடங்களில் ஓரத்திலிருந்து கருக்கத் தொடங்கும். கால் மணியில் வெல்வெட் போலக் கன்னங்கரேல் என்றாகிவிடும். எடுத்து ஸ்டீல் வூலால் தேய்த்தால் அந்தக் கருப்பெல்லாம் பொடியாக உதிர்ந்து, அடியில் வெளிறிய சாம்பல்தான் தெரியும்.

“என்ன மாமா, எல்லாம் போயிடுச்சே!”

“இருடா, இது முதல் கோட்டுதான். இன்னும் அஞ்சாறு வரணும்.”

பையனுக்குக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் மாதிரி பத்து மீட்டர் ரைபிளில் பேர் வாங்கவேண்டும் என்று ஆசை. இந்த அவசரம் அதற்கு உதவாது என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது கோட்டில் நிறம் நிற்கத் தொடங்கியதும், வெயிலில் சாய்த்தால் தெரிகிற அந்த நீலச் சாயையைப் பார்த்து அவனே அமைதியாகிவிட்டான்.

கடைசிக் கொதிப்பில் கொஞ்சம் சமையல் சோடா சேர்த்தால் மிச்ச அமிலம் அடங்கும். பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை கொதிக்கவைத்து, சூடாக இருக்கும்போதே மெஷின் ஆயில் பூசி ஒரு நாள் அப்படியே விடவேண்டும். புளூயிங் மட்டும் துருவைத் தடுக்காது. அந்தப் படலம் எண்ணெயைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எனவே மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஃபோம் வைத்த பெட்டியிலும் தோல் உறையிலும் ஈரம் தங்கும்; பருத்தித் துணியில் சுற்றிப் பீரோவில் நிறுத்தி வைப்பது நல்லது.