துணி தெரிதலும் மனமயக்கமும்

பொருளின்மையால் வருந்துவோர்க்கு உலகம் இரங்கும்; பொருள் மிகுதியால் மயங்குவோரைக் கண்டு நகைக்கும். ஆயினும் இப்பின்னைய மயக்கமும் ஆராய்தற்குரியதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மகளிர் பலர் பயிலும் ஒட்டுப்போர்வைத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் காரணத்தையும் நீக்கும் வழியையும் ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

ஆங்கிலத்தில் குவில்ட் எனப்படும் அப்போர்வை மூன்று அடுக்குடையது. பல துணித்துண்டுகளை இணைத்த முகத்துணி மேலது, பஞ்சுப்படலம் நடுவது, அடித்துணி கீழது. மூன்றும் விலகாதவாறு ஊடுருவித் தைக்கும் தையலே தொழிலுக்குப் பெயராயிற்று. இத்தொழிலுக்கென்றே அச்சிட்ட பருத்தித் துணிகளை விற்கும் தனிக்கடைகள் அந்நாட்டில் பல உள. 42 முதல் 44 அங்குலம் வரை அகலமுள்ள துணிச்சுருள்கள் நூல்நிலையத்துப் புத்தகங்கள் போல வரிசை வரிசையாக நிற்கும். நான்கு துணி வாங்கப் புகுந்தவர் நெடுநேரம் உலவி வெறுங்கையராய் மீளுதலும், வேண்டாதவற்றை வாங்கி வீட்டில் அடுக்கிவைத்துப் பின்னர் வருந்துதலும் அத்தொழிலார் நன்கறிந்த செய்தி.

இஃது அவர்தம் மனவலியின்மையோ எனின், அன்று. கணக்கை நோக்குக. போர்வைக்குத் துணி தெரிவோர் தனித்த ஒன்றைத் தெரிவதில்லை. ஒன்றோடொன்று பொருந்தும் பலவற்றைத் தெரிகின்றனர். 12 துணிகளினின்று நான்கைத் தெரிதற்கு 495 வகைகள் உள. 100 துணிகளினின்று நான்கைத் தெரிதற்கோ 39,21,225 வகைகள் உள. துணிகள் எட்டு மடங்கே பெருகின. சேர்க்கைகளோ ஏறத்தாழ 7,900 மடங்கு பெருகின. எல்லாவற்றையும் ஒப்பிட்டு மிகச் சிறந்ததை எடுப்பேன் என்று துணிபவர் எவராயினும் களைத்தே தீர்வர்.

மனநூலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்னும் இருவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி பெரிதும் பேசப்பட்டது. கலிபோர்னியாவில் ஒரு கடையில் ஜாம் என்னும் பழப்பாகினை ஒருகால் 24 வகையாகவும், ஒருகால் 6 வகையாகவும் சுவைபார்க்க வைத்தனர். 24 வகை வைத்தபோது அவ்வழிச் சென்றாருள் மிகுதியானோர் நின்று பார்த்தனர். ஆயினும் நின்றாருள் நூற்றுக்கு மூவரே வாங்கினர். 6 வகை வைத்தபோது நூற்றுக்கு முப்பதின்மர் வாங்கினர்.

இதனால் மிகுதி எப்பொழுதும் தீங்கே என்று முடிவு கட்டுதல் தவறாம். 2010 ஆம் ஆண்டில் இத்தகைய சோதனைகள் ஐம்பதினை ஒருங்கு தொகுத்து நோக்கியபோது, சராசரி விளைவு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றே கண்டனர். சிலவிடத்து மிகுதி கெடுத்தது, சிலவிடத்து உதவிற்று. அவ்வேறுபாட்டின் காரணங்களை 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த பிறிதோர் ஆராய்ச்சி வகுத்துரைத்தது. தெரியவேண்டியவை சிக்கலாதல், தெரியும் செயல் கடினமாதல், தெரிவோர் தம் விருப்பத்தைத் தாமே அறியாமை, எதன்பொருட்டுத் தெரிகிறார் என்னும் நோக்கம் ஆகிய நான்குமே அவை. இவற்றுள் துணிக்கடையில் மயங்குவோர்க்கு நேர்வது பெரும்பாலும் மூன்றாவதே என்பது எம் கருத்து. மயக்கம் அலமாரியில் இல்லை. எல்லை வகுத்துக்கொள்ளாது உட்புகுதலில் உள்ளது.

எல்லையின் பயனை உணர்த்த ஒரு போர்வையைக் காட்டுவோம். அலபாமா மாநிலத்தில் ஆறு மூன்று புறமும் வளைந்து சூழ்ந்த கீஸ் பெண்ட் என்னும் ஊர் உளது. அடிமைகளாயிருந்தார் வழிவந்த கறுப்பின மக்கள் வாழும் ஊர் அது. 1942 ஆம் ஆண்டில் மிசௌரி பெட்வே என்னும் அம்மையார், இறந்துபோன தம் கணவர் உழவுவேலையில் உடுத்த உடைகளைப் பிரித்து, மகளின் துணைகொண்டு ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவைப் போர்த்து உறங்குதலே அவர் கருத்து. அவ்வுடைகளே அப்போர்வைக்கு முதன்மையான துணிகளாயின. 2002 ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகர நுண்கலைக் காட்சிசாலை அவ்வூர்ப் போர்வைகளை உலகறியச் செய்தது. அம்மையாரின் போர்வை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் உடைமையாயிற்று. வறுமையைப் புகழ்தல் எம் நோக்கமன்று. அவ்வூரார் பட்ட துன்பம் பெரிது. யாருக்காக, எதற்காகத் தைக்கிறோம் என்னும் தெளிவு இருந்தவிடத்துச் சில துணிகளே போதியவாயின என்பதே யாம் கூறுவது.

வறுமை வகுத்த அவ்வெல்லையை இன்று கடை புகுவோர் தாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும். முதலாவது, போர்வை யாருக்கு என்பதையும், அதன் வடிவத்தையும், வேண்டிய துணியளவையும் வீட்டிலேயே எழுதிக்கொள்க. இரண்டாவது, பல நிறம் விரவிய ஒரு துணியைத் தலைமையாகக் கொண்டு, ஏனையவற்றின் நிறத்தை அதனின்றே எடுக்க. மூன்றாவது, நிறத்தினும் ஒளியும் நிழலுமே வடிவத்தைத் தோற்றுவிக்கும். ஆதலின் கண்ணைச் சிறிது சுருக்கி நோக்கி, வெளிது, இடையது, கரிது என மூன்றும் உளவோ என்று காண்க. நான்காவது, இவற்றுக்குப் பொருந்திய முதற்சேர்க்கை கிட்டியவுடன் நிறுத்துக. மிகச் சிறந்ததைத் தேடி அலையாது போதுமானதைக் கண்டு அமையும் முறையை ஹெர்பர்ட் சைமன் என்னும் அறிஞர் 1956 ஆம் ஆண்டிலேயே ஒரு கொள்கையாக விளக்கியுள்ளார்.

மாணவ நண்பர்களே! துணி சிறு பொருள், தவறினும் பெருங்கேடில்லை. ஆயின் கல்லூரி விடுத்துச் செல்லும் உங்கள்முன் படிப்பும் தொழிலும் பல நூறாக விரிந்து கிடக்கின்றன. அவை அனைத்தையும் அளந்து முடித்த பின்னரே அடியெடுத்து வைப்போம் என்பார்க்கு ஆண்டுகள் கடையிலேயே கழிந்துவிடும். யாருக்குப் பயன்பட விரும்புகின்றோம் என்பதை முன்னர்த் தெளிமின். தெளிந்தபின் கைக்கெட்டியதை எடுத்து ஊசி கோமின். தெரியப்படாத துணி எத்துணை அழகியதாயினும் எவருடைய குளிரையும் போக்குவதில்லை.