எக்ஸோசோம் ஊசி: குப்பியில் இருப்பது என்ன?

மூட்டுத் தேய்மானத்துக்கு ஓர் ஊசி, முடி கொட்டுவதற்கு ஓர் ஊசி, முகச் சுருக்கத்துக்கு ஓர் ஊசி, இழந்த இளமைக்கு ஒரு டிரிப். நான்குக்கும் மருந்து ஒன்றுதான் என்கிறார்கள்: எக்ஸோசோம். பெருநகரங்களின் தோல், முடி, மூட்டு சிகிச்சை மையங்களில் இன்று அதிகம் அடிபடும் பெயர் இது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நோய்களை ஒரே மருந்து தீர்க்கும் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டும். அதற்காக எக்ஸோசோமே புரட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. அதன் பின்னால் நாற்பது ஆண்டு கால நேர்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அந்த ஆராய்ச்சி வேறு, இன்று விலைக்கு வரும் குப்பி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்போதுதான் நோயாளி ஏமாறுகிறார். சில நேரம் மருத்துவரும் ஏமாறுகிறார்.

நம்பிக்கை: "எக்ஸோசோம் என்பது ஸ்டெம் செல்தான், பெயர் மட்டும் புதிது."

இல்லை, அது செல்லே அல்ல. நம் உடலின் அநேகமாக எல்லா செல்களும் வெளியே விடும் நுண்பை அது. விட்டம் ஏறக்குறைய 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு சிவப்பணுவின் விட்டமோ 7,000 நானோமீட்டருக்கும் மேல். உட்கரு கிடையாது, பிரிந்து பெருகாது. கொழுப்புப் படலத்துக்குள் புரதங்களும் ஆர்.என்.ஏ. துணுக்குகளும் இருக்கும்.

1983இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஃபிலிப் ஸ்டால் குழுவும் முதிராத சிவப்பணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தன. அந்த அணுக்கள் முதிரும்போது தமக்கு இனி வேண்டாத புரதங்களை நுண்பைகளில் வைத்து வெளியேற்றுவதை இரு குழுக்களும் தனித்தனியே கண்டன. செல்லின் கழிவு என்றே பலரும் அதை நெடுநாள் கருதினார்கள். 1996இல் பி வகை நோயெதிர்ப்பு அணுக்களின் எக்ஸோசோம் டி அணுக்களைத் தூண்டுவது தெரியவந்தது. 2007இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் யான் லோட்வால் குழு, ஒரு செல்லின் ஆர்.என்.ஏ. எக்ஸோசோம் வழியாக இன்னொரு செல்லுக்குப் போய் அங்கே வேலை செய்வதைக் காட்டியது. அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

சிகிச்சை என்ற எண்ணம் வந்த வழி வேறு. உடலில் செலுத்தும் ஸ்டெம் செல்களில் பெரும்பாலானவை சில நாட்களில் மறைந்துவிடுகின்றன. ஆனால் விலங்குச் சோதனைகளில் பலன் தெரிகிறது. அப்படியானால் வேலை செய்வது செல்லா, அது சுரந்துவிட்டுப் போகும் பொருளா? சிங்கப்பூரில் சாய் கியாங் லிம் குழு 2010இல் ஒரு விடை தந்தது. ஸ்டெம் செல் எக்ஸோசோம்களைச் செலுத்திய எலிகளில், இதய ரத்த ஓட்டம் தடைப்பட்டு மீளும்போது ஏற்படும் சேதம் குறைந்தது. அருமையான கண்டுபிடிப்பு. எலியில்.

நம்பிக்கை: "நோபல் பரிசே கிடைத்த சிகிச்சை இது."

2013இல் ரோத்மன், ஷெக்மன், ஸுடோஃப் மூவருக்கும் கிடைத்த பரிசைத்தான் சொல்கிறார்கள். செல்லுக்குள்ளே நுண்பைகள் எப்படிச் சரக்கைச் சுமந்து உரிய இடத்தில் இறக்குகின்றன என்பதைக் கண்டதற்கான பரிசு அது. எக்ஸோசோம் சிகிச்சைக்கு யாரும் நோபல் பரிசு தரவில்லை.

நம்பிக்கை: "அமெரிக்க எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மருந்து."

இதைச் சற்று உரக்கவே சொல்ல வேண்டும். எந்த நோய்க்கும் எந்த எக்ஸோசோம் மருந்தையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அங்கீகரிக்கவில்லை. 2019 டிசம்பரில் அது செய்தது நேர்மாறான காரியம்: நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்ற பெயரில் விற்ற பொருட்களைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டதாகத் தகவல்கள் வந்ததும், பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நோய் தீர்க்கவென்று கொடுக்கப்படும் எக்ஸோசோம் சட்டப்படி மருந்து, உயிரியல் பொருள். முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்றும் அதில் தெளிவாகச் சொன்னது. "எஃப்.டி.ஏ.வில் பதிவு பெற்ற ஆலையில் தயாரானது" என்று துண்டறிக்கையில் இருந்தால் அது ஆலையின் பதிவு மட்டுமே. மருந்துக்கான சான்று அல்ல.

இந்தியாவிலும் நிலை வேறல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகள், ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்று சிகிச்சையைத் தவிர மற்றவற்றை ஆய்வாக மட்டுமே நடத்தலாம் என்கின்றன. ஸ்டெம் செல்லுக்கே இந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, அதன் சுரப்பை மட்டும் கடைச் சரக்காக்கிவிட முடியுமா?

தோல் மையங்களில் இன்னொரு வழி திறந்திருக்கிறது. தென்கொரியா போன்ற நாடுகளிலிருந்து அழகுசாதனப் பொருளாக வரும் குப்பி அது. மேலே பூசிக்கொள்ள மட்டும். மைக்ரோநீட்லிங் கருவியால் தோலெங்கும் துளையிட்டுவிட்டு அதன்மேல் இதை ஊற்றுகிறார்கள். சிலர் ஊசியாகவே ஏற்றுகிறார்கள். தோலைத் துளைத்த பிறகு அது மேற்பூச்சு ஆகாது. ஊசியாகப் போடும் பொருள் இந்தியச் சட்டத்தில் அழகுசாதனமும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் மனித செல், திசு சார்ந்த பொருட்களை அழகுசாதனங்களில் சேர்க்கவே தடை விதித்திருக்கிறது. இப்போது ரோஜாவிலிருந்து எடுத்த எக்ஸோசோம் என்றும் விற்கிறார்கள். அதற்கு மனிதத் தோலில் உள்ள ஆதாரம் இன்னும் சொற்பம்.

நம்பிக்கை: "ஒரு குப்பியில் ஆயிரம் கோடி எக்ஸோசோம். எண்ணிக்கை கூடினால் பலனும் கூடும்."

மருத்துவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எண் என்றால் நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி, எலும்பு மஜ்ஜை, கொழுப்புத் திசு இவற்றில் ஒன்றிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்கிறார்கள். செல்கள் சுரந்த நீரை இறுத்து, புவியீர்ப்பைப்போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றியோ நுண்வடிகட்டிகளில் செலுத்தியோ நுண்பைகளைப் பிரிக்கிறார்கள். பிறகு லேசர் ஒளியில் துகள்கள் சிதறடிக்கும் வெளிச்சத்தைப் பார்த்து எண்ணுகிறது ஒரு கருவி. அது எண்ணுவது துகள்களை. அதே அளவிலுள்ள கொழுப்புப் புரதத் துகளும், திரண்டுபோன புரதக் கட்டியும், உடைந்த செல்லின் சிதறலும் அந்தக் கணக்கில் விழும். நெல்லையும் பதரையும் சேர்த்து எண்ணிவிட்டு இத்தனை நெல் என்று எழுதுவதைப் போன்றது இது. ஊடகத்தில் மாட்டுக் கருவின் சீரம் சேர்த்திருந்தால் அதிலும் எக்ஸோசோம் உண்டு. முன்கூட்டி நீக்காவிட்டால் குப்பியில் மாட்டின் நுண்பையும் கலந்திருக்கும்.

எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்றுபோல் இருக்காது. செல்லைக் கொடுத்தவரின் வயது, எத்தனை முறை செல்லைப் பிரித்து வளர்த்தார்கள், ஆக்சிஜன் எவ்வளவு, ஊடகம் எது என்பவற்றைப் பொறுத்து உள்ளே இருக்கும் சரக்கு மாறும். இன்சுலினை யூனிட் கணக்கில் கொடுக்கிறோம். ஒரு யூனிட் என்ன செய்யும் என்பது உலகம் முழுக்க ஒன்றுதான். முழங்காலுக்கு எக்ஸோசோமின் ஒரு யூனிட் எது? அப்படி ஒப்புக்கொண்ட அளவீடே இன்றைக்கு இல்லை. இத்துறை ஆராய்ச்சியாளர்களின் சர்வதேச அமைப்பு 2014, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் நெறிமுறைகளை வெளியிட்டது. துகள் எண்ணிக்கை மட்டும் போதாது, சி.டி.63, சி.டி.81 போன்ற அடையாளப் புரதங்கள், இருக்கக் கூடாத கலப்படங்களுக்கான சோதனை, எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் எல்லாம் வேண்டும் என்கிறது. நீங்கள் மருத்துவரானால், உங்களிடம் குப்பி விற்க வரும் பிரதிநிதியிடம், அந்தத் தொகுதிக்கான இந்த அறிக்கையைக் கேளுங்கள். பொதுவாக மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டிய பொருள், அல்லது முறையாக உறைய வைத்து உலர்த்திய பொருள், எப்படி வந்து சேர்ந்தது என்றும் கேளுங்கள்.

இதைச் செய்வது எளிதல்ல என்பதற்குச் சான்று உண்டு. எக்ஸோசோம்களில் மருந்தை ஏற்றி அனுப்பவென்றே 2015இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் கோடியாக் பயோசயின்சஸ். மனிதரில் சோதனை வரை போனது. 2023இல் திவாலானது.

நம்பிக்கை: "டிரிப்பில் ஏற்றினால் பழுதான இடத்தைத் தேடிப் போய்ச் சேரும்."

விலங்குகளில் பார்த்தவரை, ரத்தத்தில் செலுத்திய எக்ஸோசோமில் பெரும்பகுதி நிமிடங்களில் மறைகிறது. போய்ச் சேரும் இடங்கள் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். முழங்காலோ மூளையோ அல்ல.

நம்பிக்கை: "செல் இல்லாததால் ஆபத்தும் இல்லை."

இதில் பாதி உண்மை. செல் பெருகிக் கட்டியாகும் அச்சம் இங்கே இல்லை. ஆனால் தொற்று? பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டி வைரஸைத் தடுக்காது. எச்.ஐ.வி. கிருமியின் அளவு ஏறக்குறைய 100 நானோமீட்டர், எக்ஸோசோமின் அளவுதான். எனவே கொடையாளியைச் சோதிப்பதிலும் தயாரிப்புச் சுத்தத்திலும்தான் எல்லாம் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த ஊசியால் 12 பேருக்கு ஈ.கோலை போன்ற பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டது. அது செல் சார்ந்த பொருள்தான். ஆனாலும் அனுமதியின்றித் தயாராகும் குப்பியில் கிருமி எப்படி நுழையும் என்பதற்கு அது போதும். இன்னொன்று: புற்றுநோய்ச் செல்கள் தம் எக்ஸோசோம்களை அனுப்பித் தூரத்து உறுப்புகளில் பரவலுக்கு இடம் தயார் செய்வதை நியூயார்க்கில் டேவிட் லைடன் குழு காட்டியிருக்கிறது. ஸ்டெம் செல் எக்ஸோசோம் புது ரத்தக் குழாய்களை வளர்க்கும் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். புற்றுநோய் வந்துபோனவரின் உடலில் அதே குணம் என்ன செய்யும் என்று கேட்காமல் ஊசி போடுவது பொறுப்பான மருத்துவம் ஆகாது.

நம்பிக்கை: "ஆராய்ச்சிதான் நடக்கிறதே, அப்படியானால் பலன் இருக்கத்தானே வேண்டும்?"

நடக்கிறது, நடக்க வேண்டும். கோவிட் நோயால் நுரையீரல் செயலிழந்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் எக்ஸோசோம் கொடுத்த அமெரிக்க ஆய்வில் 102 பேர் இருந்தார்கள். போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். முடிவை 2023இல் வெளியிட்டார்கள். பாதுகாப்பாகத் தெரிந்ததால் மூன்றாம் கட்டத்துக்கு நகர்ந்தார்கள். அது முறையான பாதை. முடி உதிர்வுக்கும் முழங்காலுக்கும் மேற்கோள் காட்டப்படுபவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். பலவற்றில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. முழங்காலில் வெறும் உப்புநீர் ஊசி போட்டாலே பலருக்கு வலி குறைகிறது. ஒப்பீடு இல்லாமல் பலன் எதனால் என்று யார் சொல்ல முடியும்?

நோயாளியான உங்களிடம் எக்ஸோசோம் ஊசியைப் பரிந்துரைத்தால் பணம் கட்டும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் (சி.டி.ஆர்.ஐ.) பதிவு எண். உண்மையான ஆய்வில் சோதிக்கும் மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் 2019ஆம் ஆண்டின் விதிகள்படி இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. கேட்ட விவரங்கள் கிடைக்காவிட்டால் ஊசியை மறுத்துவிடுங்கள். தேய்ந்த மூட்டுக்கு எடைக் குறைப்பும் தொடைத் தசைப் பயிற்சியும், முடி உதிர்வுக்கு மினாக்ஸிடிலும் மெய்ப்பிக்கப்பட்டவை, செலவும் குறைவு. ஏற்கெனவே போட்டுக்கொண்டு காய்ச்சல், வீக்கம், கட்டி என்று ஏதாவது வந்திருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள். மருத்துவர்களும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 180 3024.