ஒரு தம்பதி, இரண்டு மருத்துவக் காப்பீடுகள்

கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் குடும்பங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவக் காப்பீடுகள் இருப்பது அரிதன்று. கணவருடைய நிறுவனம் எடுத்துள்ள குழுக் காப்பீட்டில் மனைவியின் பெயரும், மனைவியின் நிறுவனக் காப்பீட்டில் கணவரின் பெயரும் இடம்பெற்றிருக்கும். ஆயினும் மருத்துவமனையில் சேரும் நாளில், "எந்த அட்டையைக் கொடுப்பது? இரண்டிலும் பணம் கிடைக்குமா? ஒன்றைக் காட்டினால் மற்றொன்று வீணாகிவிடுமா?" என்ற ஐயங்கள் எழுகின்றன. டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பை எவ்வளவு விரைவாகக் கரைக்கும் என்பதைச் சிறுநீரக நோய்ப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் நன்கு அறிவோம். இரண்டாவது காப்பீடு அச்சேமிப்பைக் காக்க வல்லது. ஆனால் அதற்கான ஏற்பாடு, நோய் வருமுன்பே செய்யப்பட்டிருக்க வேண்டும்.

செலவு ஒன்று, ஈடும் ஒன்று

மருத்துவக் காப்பீடுகள் இருவகைப்படும். முதல் வகை, மருத்துவமனையில் உண்மையாக ஆன செலவை ஈடுசெய்வது. நிறுவனக் குழுக் காப்பீடுகளும், குடும்பத்திற்கென நாமே வாங்கும் வழக்கமான பாலிசிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவ்வகையில் இரண்டு பாலிசிகள் இருந்தாலும் ஒரே செலவுக்கு இருமுறை பணம் பெற இயலாது. இரண்டும் சேர்ந்து தரும் தொகை ஆன செலவைத் தாண்டாது.

இரண்டாம் வகை, குறிப்பிட்ட நிகழ்வுக்குக் குறிப்பிட்ட தொகையைத் தருவது. கடுநோய்ப் பாலிசிகளும், மருத்துவமனையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று வழங்கும் பாலிசிகளும் இதில் அடங்கும். இவை மருத்துவமனைக் கட்டணத்தோடு ஒப்பிடப்படுவதில்லை. ஆகவே முதல் வகைக் காப்பீட்டில் கட்டணம் முழுவதும் தீர்ந்திருந்தாலும், இவ்வகைத் தொகையைத் தனியே பெறலாம். பலர் இதனை அறியாமல் கோராமலே விட்டுவிடுகின்றனர்.

எதை முதலில் பயன்படுத்துவது?

எந்தப் பாலிசியை முதலில் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை பாலிசிதாரருக்கே உரியது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் விதிகள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. "உங்களுக்கு வேறு காப்பீடு இருக்கிறது, முதலில் அங்கே செல்லுங்கள்" என்று எந்த நிறுவனமும் திருப்பி அனுப்ப முடியாது. ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனமே முதன்மைக் காப்பீட்டாளர். அதன் தொகை போதாவிடில், மற்ற பாலிசிகளின் விவரங்களைக் கேட்டுப் பெற்று, மீதித் தொகைக்காக மற்ற நிறுவனங்களோடு ஒருங்கிணைக்க வேண்டியது அதன் கடமை. கேஷ்லெஸ் என்று வழங்கும் பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு 1 மணி நேரத்திற்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலுக்கு 3 மணி நேரத்திற்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அச்சுற்றறிக்கையில் உள்ளது.

தேர்வு செய்யும்போது கீழ்க்கண்டவற்றைக் கருத்திற்கொள்க. சேரவிருக்கும் மருத்துவமனை எந்தப் பாலிசியின் பட்டியலில் உள்ளது? அறை வாடகை வரம்பும், நோயாளி தன் பங்காகச் செலுத்த வேண்டிய விழுக்காடும் எதில் குறைவு? சொந்தமாக வாங்கிய பாலிசி ஒன்றும் நிறுவனக் காப்பீடு ஒன்றும் இருந்தால், பொதுவாக நிறுவனக் காப்பீட்டை முதலில் பயன்படுத்துவதே நன்று. கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை சொந்தப் பாலிசியில்தான் வளரும்.

ஓர் எடுத்துக்காட்டு

கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்து, கட்டணம் 8,00,000 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். அவருடைய நிறுவனக் காப்பீட்டின் வரம்பு 4,00,000. மனைவியின் நிறுவனக் காப்பீட்டில் கணவருக்கு உள்ள வரம்பு 5,00,000. கட்டணத்தில் 20,000 ரூபாய் எந்தக் காப்பீடும் ஏற்காத பொருள்களுக்கானது.

கணவரின் காப்பீடு முதலில் 4,00,000 தருகிறது. மீதி 4,00,000இல், மனைவியின் காப்பீடு தன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 3,80,000 தருகிறது. குடும்பம் கையிலிருந்து செலுத்துவது 20,000 மட்டுமே. மனைவியின் பாலிசியில் அவ்வாண்டுக்கு 1,20,000 மிஞ்சுகிறது. வரிசையை மாற்றி, மனைவியின் காப்பீட்டை முதலில் பயன்படுத்தினாலும் கிடைக்கும் மொத்தத் தொகை இதுவே. ஆனால் மிஞ்சும் 1,20,000 அப்போது கணவரின் பாலிசியில் இருக்கும். குடும்பம் முழுவதற்கும் பொதுவான வரம்பாயின், ஆண்டின் எஞ்சிய மாதங்களில் குழந்தைகளுக்கும் அதுவே பாதுகாப்பு. எனவே எவ்வளவு கிடைக்கும் என்பதோடு, எதில் மிஞ்ச வேண்டும் என்றும் சிந்தித்து வரிசையைத் தீர்மானிக்க வேண்டும்.

முதல் பாலிசி பிடித்தம் செய்த தொகை

முதல் பாலிசியின் வரம்பு முழுதும் தீர்ந்தால்தான் இரண்டாவதை அணுகலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. முதல் பாலிசியில் வரம்பு மீதமிருந்தாலும், அதன் நிபந்தனைகளால் மறுக்கப்பட்ட தொகையை இரண்டாவது பாலிசியில் கோரலாம்.

அறை வாடகையை எடுத்துக்கொள்வோம். பாலிசி ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் வாடகையை மட்டுமே அனுமதிக்கிறது. நோயாளி 10,000 ரூபாய் அறையில் தங்குகிறார். இழப்பு வாடகையோடு முடிவதில்லை. அறையின் தரத்திற்கேற்ப மருத்துவமனை வசூலிக்கும் அறுவைக் கட்டணம், மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியே கிடைக்கக்கூடும். மருந்துகள், உடலில் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் இவ்விகிதக் குறைப்பு பொருந்தாது. துணைவரின் பாலிசியில் வாடகை வரம்பு இல்லையெனில், குறைக்கப்பட்ட தொகையை அங்கே கோரலாம்.

வீடு திரும்பிய பின் ஆகும் மருந்துச் செலவும் இத்தகையதே. ஒரு பாலிசி 60 நாள்களுக்கும் மற்றொன்று 90 நாள்களுக்கும் அச்செலவை ஏற்கலாம். சிறுநீரக மாற்றுக்குப் பின் நாள்தோறும் விலையுயர்ந்த மருந்துகளை உட்கொள்வோருக்கு அந்த 30 நாள்கள் சிறிய உதவியல்ல.

சிறுநீரகம் தருபவர் வாழ்க்கைத் துணையே என்றால்

மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 1994, கணவனையும் மனைவியையும் நெருங்கிய உறவினராக ஏற்கிறது. மனைவி கணவருக்குச் சிறுநீரகம் தரும்போது, அவருக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையின் செலவை அவர் தம் பெயரில் கோருவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அவர் நோயுற்றவர் அல்லர். தானம் அளிப்பவருக்கான செலவு, பொதுவாக உறுப்பைப் பெறும் நோயாளியின் கோரிக்கையின் கீழேயே வரும். ஆகவே இரண்டு பாலிசிகளில் எதைப் பயன்படுத்தினாலும், அதில் கணவரே நோயாளி என்று விண்ணப்பிக்க வேண்டும். பல பாலிசிகள் உறுப்பை எடுக்கும் அறுவைச் சிகிச்சைக்கான செலவை மட்டுமே ஏற்கின்றன. தானம் அளிப்பவரின் முன்பரிசோதனைகளும் பிற்காலச் சிக்கல்களும் அவற்றில் அடங்குவதில்லை. இதனை முன்னரே எழுத்து மூலம் கேட்டறிக.

மற்றொன்றையும் மறவாதீர். அறுவைச் சிகிச்சை நாளில் கணவனும் மனைவியும் இருவருமே படுக்கையில் இருப்பர். காப்பீட்டு ஆவணங்களை அறிந்த மூன்றாம் நபர் ஒருவர், மகனோ மகளோ உடன்பிறந்தவரோ, அன்று உடனிருக்க வேண்டும்.

நோய் வரலாறும் ஒன்றே

நீங்கள் இரண்டு நிறுவனங்களை அணுகினாலும், இரண்டும் படிப்பது ஒரே மருத்துவக் குறிப்பைத்தான். ஒரு விண்ணப்பத்தில் சர்க்கரை நோய் உண்டு என்றும் மற்றொன்றில் இல்லை என்றும் குறிப்பிட்டிருந்தால், அம்முரண்பாடே கோரிக்கையைக் கெடுத்துவிடும். நோய் தொடங்கிய ஆண்டைக் குறைத்து எழுதித் தருமாறு சில குடும்பத்தினர் மருத்துவரிடம் வேண்டுகின்றனர். அவர்களுடைய கவலை எங்களுக்குப் புரிகிறது. எனினும் அது இயலாது. அந்தக் குறிப்பை நம்பியே அடுத்த மருத்துவர் மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்.

உண்மையைச் சொல்வதால் அஞ்சத் தேவையில்லை. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. பல நிறுவனக் காப்பீடுகளில் அக்காலமே இல்லை. 60 மாதங்கள் இடைவிடாது புதுப்பித்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, விவரத்தை மறைத்ததாகக் கூறிக் கோரிக்கையை மறுக்கவும் இயலாது.

வேலை நின்றால் காப்பீடும் நிற்கும்

இக்கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதுவே. நிறுவனக் காப்பீடு வேலையோடு பிணைந்தது. நெடுநாள் நோயில் வேலையை இழக்க நேர்பவர் பெரும்பாலும் நோயாளியே. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர் பணியைத் தொடர்வது எளிதன்று. பணியிலிருந்து அவர் விலகினால், காப்பீடு மிகவும் தேவைப்படும் வேளையில் அவருடைய சொந்தக் காப்பீடு முடிந்துவிடும். அப்போது அவரைத் தாங்குவது துணைவரின் காப்பீடுதான்.

ஆனால் அதில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். "அவருக்குத்தான் அலுவலகத்தில் காப்பீடு இருக்கிறதே" என்று எண்ணித் துணைவரின் பெயரை விட்டுவிடுவோர் பலர். பெரும்பாலான நிறுவனங்கள் பணியில் சேரும்போதும், திருமணமான சில வாரங்களுக்குள்ளும், ஆண்டுப் புதுப்பித்தலின்போதும் மட்டுமே பெயர் சேர்க்க அனுமதிக்கின்றன. நோய் வந்தபின் இடையில் சேர்ப்பது கடினம்.

வேலையை விடும் நிலை வந்தால், விலகும் நாளுக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தை அணுகி, குழுக் காப்பீட்டிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். நிறுவனம் ஏற்றுக்கொண்டால், கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் கொள்ளப்படும். தம்பதியருள் ஒருவர் ஈ.எஸ்.ஐ. உறுப்பினராயின், மற்றவரும் அதன் மருத்துவப் பயனுக்கு உரியவர் என்பதையும் அறிக.

ஆவணங்களும் முறையீடும்

மருத்துவமனையில் சேர்ந்தவுடன் இரண்டு நிறுவனங்களுக்கும் தகவல் தருக. அவசரச் சேர்க்கையாயின் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பல பாலிசிகளின் நிபந்தனை. அசல் ரசீதுகள் முதல் நிறுவனத்திற்குச் சென்றுவிடும். ஆகையால் வீடு திரும்புமுன் எல்லா ரசீதுகள், பரிசோதனை அறிக்கைகள், வீடு திரும்பும் சுருக்கக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களில் மருத்துவமனையின் முத்திரையும் கையொப்பமும் பெற்றுக்கொள்க. முதல் நிறுவனம் எவ்வளவு தந்தது, எதை ஏன் மறுத்தது என்பதைக் காட்டும் தீர்வுக் கடிதத்தையும் கேட்டு வாங்குக. இரண்டாவது நிறுவனம் முதலில் கேட்பது அக்கடிதத்தையே.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுக. 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிடினும், கிடைத்த பதில் நிறைவளிக்காவிடினும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. இருவரின் பாலிசிகளிலும் கணவன், மனைவி, குழந்தைகள் பெயர்கள் உள்ளனவா என்று பார்க்கவும்.
2. இரண்டிலும் உள்ள வரம்பு, அறை வாடகை, நோயாளியின் பங்கு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைக்கவும்.
3. பெயர், பிறந்த தேதி, நோய் விவரங்கள் இரண்டிலும் ஒன்றாக உள்ளனவா எனச் சரிபார்த்து, பிழையிருப்பின் திருத்தவும்.
4. அட்டைகளின் நகல்களை நம்பிக்கைக்குரிய மூன்றாம் நபர் ஒருவரிடமும் கொடுத்து வைக்கவும்.
5. திட்டமிட்ட சிகிச்சையாயின், தேதி குறிக்கும்போதே இரண்டு காப்பீடுகளையும் எங்கள் காப்பீட்டு உதவிப் பிரிவில் தெரிவிக்கவும்.