பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பல்சக்கரம்

ஜோசஃபைன் காக்ரன் 1886 டிசம்பரில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊர்க்காரர். பரம்பரையாக வந்த பீங்கான் தட்டுகளை வேலையாட்கள் விளிம்புடைத்து வைக்கிறார்களே என்ற ஆற்றாமைதான் அவரை அதில் இறக்கியது. தட்டு, கிண்ணம், சாஸர் என ஒவ்வொன்றையும் அளந்து, அதற்கேற்பக் கம்பிக் கூடுகள் செய்தார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் இயந்திரத்துக்குப் பரிசும் கிடைத்தது. அந்தக் கம்பிக் கூடுகளின் வாரிசுகளில்தான் இன்று எண்ணெய்க் கரி அப்பிய சைக்கிள் பல்சக்கரங்களும் ஏறுகின்றன.

மேலை நாடுகளில் இது பழைய பழக்கம். இங்கே புதிது. கொரோனா ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போனபோது இந்திய நகரங்களில் டிஷ்வாஷர் விற்பனை ஏறியது. உடற்பயிற்சிக் கூடங்கள் மூடிக் கிடந்ததால் கியர் சைக்கிள் விற்பனையும் ஏறியது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்றை இன்னொன்றுக்குள் வைத்துப் பார்க்கும் சபலம் வராமல் போகுமா? கூடவே கார் கழுவ வாங்கிய பிரஷர் வாஷர், கேக் சுட வாங்கிய ஓவன், மூக்குக் கண்ணாடி கழுவும் அல்ட்ராசானிக் தொட்டி என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொன்றோடும் ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில முழுப் பொய், சில பாதி உண்மை, ஒன்றிரண்டு நிஜமாகவே வேலை செய்பவை.

“டிஷ்வாஷரில் போட்டால் கிரீஸ் எல்லாம் கரைந்துவிடும்”

சமையல் எண்ணெய் வேறு, சைக்கிள் எண்ணெய் வேறு. நல்லெண்ணெய், நெய், ஆட்டுக்கொழுப்பு எல்லாம் கொழுப்பமிலமும் கிளிசரினும் இணைந்தவை. சூடான காரம் பட்டால் அவற்றில் ஒரு பகுதி சோப்பாக மாறி நீரோடு போய்விடும். செயினில் இருப்பதோ பெட்ரோலியத்திலிருந்து வந்த கனிம எண்ணெய். எவ்வளவு காரம் கொட்டினாலும் அது சோப்பாகாது. டிஷ்வாஷர் பொடியில் நொதிகளும் உண்டு. அவை மாவுப் பசையையும் புரதத்தையும் உடைப்பவை. காய்ந்த சோற்றுக்கும் முட்டைக்கும் எமன், செயின் கரியை ஒன்றும் செய்யாது. நுரை பொங்கினால் இயந்திரத்தின் பம்பு திணறும் என்பதால், எண்ணெயைப் பிடித்திழுக்கும் நுரைப்பொருளையும் அதில் கொஞ்சமாகத்தான் சேர்க்கிறார்கள்.

பிறகு எப்படிப் பல்சக்கரம் பளிச்சென்று வெளியே வருகிறது? எல்லாம் சூட்டின் வேலை. 60 டிகிரியை ஒட்டிய வெந்நீர் பட்டதும் கிரீஸ் இளகுகிறது, பீய்ச்சும் வேகத்தில் வழிகிறது. வழிந்தது எங்கும் மாயமாகிவிடுவதில்லை. அடியிலுள்ள வடிகட்டியிலும் தெளிப்புக் கைகளிலும் கதவின் ரப்பர் விளிம்பிலும் படிகிறது. ஒரே நீரைத்தான் இயந்திரம் திரும்பத் திரும்ப எடுத்துத் தெளிக்கிறது. அடுத்த சுற்றில் அதே பெட்டிக்குள் குழந்தையின் பால் டம்ளர் போகும்.

சைக்கிளின் பக்கம் நேரும் சேதம் இன்னும் மோசம். அலுமினிய குக்கரை டிஷ்வாஷரில் வைத்துவிட்டு, கறுத்து வெளியே வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்த வீடுகள் உண்டு. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் அந்த உலோகத்துக்குக் கவசம். நீரின் பிஎச் அளவு ஏறக்குறைய 4-க்கும் 9-க்கும் இடையே இருக்கும்வரை கவசம் நிற்கும். டிஷ்வாஷர் பொடி கரைந்த நீர் பெரும்பாலும் 10-ஐத் தொட்டுவிடும். இன்றைய கியர் சைக்கிள்களில் கிராங்க், ஹப், ரிம், ஸ்டெம், பலவற்றில் முன் பல்சக்கரம்கூட அலுமினியம். கறுப்புப் பூச்சு கொடுத்தவை சாம்பலாக வெளுக்கும், பூச்சில்லாதவை கறுக்கும். அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளில் எல்லாமே இரும்புதானே என்று கேட்டால், அதற்கு வேறு தண்டனை. எண்ணெய்ப் படலம் போன எஃகு, ஈரச் சூட்டில் சில மணி நேரத்திலேயே துருப் பூக்கும்.

செயினைப் பொறுத்தவரை இது அழகு பற்றிய பிரச்சினை மட்டுமல்ல. அமிலமோ காரமோ உள்ள துப்புரவுப் பொருள்களையும் துரு நீக்கிகளையும் பயன்படுத்தினால் செயின் அறுந்துபோகலாம் என்று ஷிமானோ நிறுவனம் தன் பயனர் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் அறுந்தால் என்ன ஆகும் என்பது விழுந்தவர்களுக்குத் தெரியும். வினிகர், எலுமிச்சை, புளி, கோலா என்று உலவும் துரு வைத்தியங்களும் இந்த எச்சரிக்கைக்குள் அடங்கும். கடினப்படுத்திய எஃகில் அமிலம் வினைபுரியும்போது பிறக்கும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கும். குத்துவிளக்குக்குப் புளி போடலாம், செயினுக்குக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அதே சமையலறையில் சிங்க் ஓரம் நிற்கும் பாத்திரம் கழுவும் திரவம் இந்த வேலைக்கு நன்றாகவே உதவும். கையில் படுவதற்கென்று செய்தது என்பதால் அதில் காரம் குறைவு, நுரைப்பொருள் நிறைய. பல்சக்கரத்தைக் கழற்றி வெந்நீரில் போட்டு, சில சொட்டு விட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்துத் துடைத்துக் காயவைத்தால் போதும். இயந்திரத்துக்குள் வைத்து எடுக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

“வெளியே மின்னினால் உள்ளேயும் சுத்தம்”

மற்ற எல்லா நம்பிக்கைகளுக்கும் வேர் இதுதான். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருவாக்கிய உருளைச் செயினின் வழித்தோன்றல்தான் இன்று பந்தய சைக்கிளில் ஓடுவதும், பால்காரர் சைக்கிளில் ஓடுவதும். அதில் தேய்மானம் நடப்பது கண்ணுக்குத் தெரியும் தகடுகளில் அல்ல. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒளிந்திருக்கும் பின்னிலும் அதைச் சுற்றிய வளையத்திலும். சாலை மணலில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினம். அது எண்ணெயோடு கலந்து உள்ளே போய்விட்டால், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பின்னை அரைக்கும். அழுக்கான செயினின் மேலேயே எண்ணெய் விட்டால், அந்த எண்ணெயே மணலை உள்ளே அழைத்துப் போகும் என்று சைக்கிள் சக்கரம் பற்றிய புகழ்பெற்ற நூலை 1981-இல் எழுதிய பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் பல ஆண்டுகள் வாதிட்டார்.

சிக்கல் என்னவென்றால், வெளியேற்ற வேண்டிய மணலும் இருக்க வேண்டிய எண்ணெயும் குடியிருப்பது ஒரே இடத்தில். வீட்டு இயந்திரம் எதற்கும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒன்று, உள்ளே எட்டாமல் வெளியே மட்டும் மினுக்கும். அல்லது உள்ளே எட்டி எண்ணெயையும் சேர்த்து வழித்துவிடும்.

இரண்டாவது வகையில் அல்ட்ராசானிக் தொட்டி சேரும். கண்ணாடிக் கடையிலும் நகைக்கடையிலும் இருக்கும் அதே கருவியின் சின்ன வடிவம். நொடிக்கு 40,000 முறை அளவில் அது நீரை அதிரவைக்கிறது. நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும் இடத்தில் அழுக்கு பெயர்கிறது. நம்பாதவர்கள் சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டைத் தொட்டிக்குள் தொங்கவிட்டுப் பார்க்கலாம், சில நிமிடங்களில் தாள் சல்லடையாகும். பிரஷ் நுழையாத கண்ணிக்குள்ளிருந்து மணலை எடுப்பதில் இது டிஷ்வாஷரைவிட எவ்வளவோ மேல். ஆனால் வெளியே எடுத்ததும் செயினை நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் எண்ணெய் விட்டாக வேண்டும். இன்னும் வேகமாகட்டும் என்று தொட்டியில் பெட்ரோலோ தின்னரோ ஊற்றுவது வீட்டைக் கொளுத்தும் வழி. உறைநிலைக்கு வெகு கீழேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் ஆவியை விடும். தொட்டியோ மின்சாரத்தில் ஓடிச் சூடாகும் பொருள்.

கழுவியதால் செயின் புதிதாகிவிட்டது என்ற எண்ணத்துக்கு மருந்து ஒரு ஸ்கேல். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். ஸ்கேலின் தொடக்கக் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், 12 அங்குலக் கோட்டில் 25-ஆவது பின் நிற்க வேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளி நின்றால் பல்சக்கரங்களையும் அது தேய்த்திருக்கும். எந்தத் தொட்டியில் குளிப்பாட்டினாலும் இந்த அளவு பின்வாங்காது.

“பந்தயக் குழுக்களே பிரஷர் வாஷர்தான் அடிக்கிறார்கள்”

உண்மைதான். டூர் டி பிரான்ஸில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் முடிந்ததும் குழு வண்டிகளின் பக்கத்தில் மெக்கானிக்குகள் வரிசையாக நிறுத்தி நீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். படத்தில் பார்ப்பவர்களுக்குத் தெரியாதது மறுபாதி. அவர்கள் அச்சுக்கு நேராக அடிப்பதில்லை, தள்ளி நின்று அடிக்கிறார்கள். அதன் பிறகு துடைத்து, எண்ணெய் விட்டு, தேவைப்பட்டால் பேரிங்கையே மாற்றிவிடுகிறார்கள். அந்த சைக்கிள் பத்து வருடம் உழைக்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இல்லை. பேரிங் செலவும் அவர்கள் பையிலிருந்து போவதில்லை.

கறுப்பு சைக்கிள் டயரில் 3, 4 பார் அழுத்தம் இருந்தால் அதிகம். வீட்டு பிரஷர் வாஷர் 100 பாருக்கு மேல் தள்ளும். ‘சீல்டு பேரிங்’ என்று எழுதியிருப்பதால் தண்ணீர் போகாது என்று நினைப்பது பரவலான தவறு. அந்த ரப்பர் விளிம்பு தூசிக்கும் மழைத் தூறலுக்கும் செய்தது. அருகிலிருந்து அடித்தால் நீர் உள்ளே போகும், திரும்பி வராது. சில வாரம் கழித்து ஹப்பைத் திறந்தால் கிரீஸ் பால் நிறத்தில் குழைந்திருக்கும். மோட்டார் வைத்த சைக்கிளென்றால் பேச்சுக்கே இடமில்லை. உயர் அழுத்த நீர் கூடவே கூடாது என்று போஷ் நிறுவனம் தன் மோட்டார் கையேட்டில் சொல்லியிருக்கிறது.

தெருமுனை சைக்கிள் கடையில் ‘ஓவராயிலிங்’ என்று செய்வது இதற்கு நேர்மாறான முறை. கோனைத் தளர்த்தி, அச்சை உருவி, பால்ரஸ் குண்டுகளை வெட்டிய டின்னில் மண்ணெண்ணெய் விட்டு அலசி, துணியால் துடைத்து, புது கிரீஸ் அப்பி ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். அங்கே மின்சாரம் எதற்கும் தேவைப்படுவதில்லை. பழைய கிரீஸ் மணலோடு போகிறது, புதியது அதே இடத்தில் உட்காருகிறது. பிரித்துப் பார்க்கும் வேலையை இயந்திரத்திடம் விடாமல் கை செய்துவிடுகிறது. மண்ணெண்ணெயும் தீப்பிடிக்கும் பொருள்தான், ஆனால் பெட்ரோலைப் போல எடுத்த எடுப்பில் அல்ல. அது ஏறக்குறைய 38 டிகிரியைத் தாண்டிய பிறகே பற்றும் அளவுக்கு ஆவி விடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் அந்த எல்லையும் எட்டிவிடக்கூடியது என்பதைக் கடைக்காரர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

“எண்ணெய் பட்ட பிரேக் பேடை ஓவனில் சுட்டால் சரியாகிவிடும்”

ஆகாது. டிஸ்க் பிரேக் பேடின் உராய்வுப் பொருள் நுண்துளைகள் உள்ளது. எண்ணெய் ஆழமாக ஊறிவிடும். சூட்டில் ஒரு பங்கு ஆவியாகும், மீதி உள்ளேயே நிற்கும். அதே சூடு, பொருளைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையும் பதம் பார்க்கும். அந்தப் புகை போன ஓவனில் அடுத்து பிஸ்கட் சுடுவது யார்? புதுப் பேடின் விலை இந்த வீரத்துக்கு ஈடாகாது.

மைக்ரோவேவில் செயினைக் காயவைப்பது பற்றி எழுதவே வேண்டாம். தீப்பொறி பறக்கும்.

“செயினை அடுப்பில் ஏற்றுவதெல்லாம் பைத்தியக்காரத்தனம்”

கேட்க அப்படித்தான் இருக்கும். ஆனால் சரியாகச் செய்தால் நல்ல பலன் தரும் வழி இது. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்காரர்கள் டக்ஹாம்ஸ் நிறுவனத்தின் ‘லிங்க்லைஃப்’ டின்னை நன்றாக அறிவார்கள். கிராஃபைட் கலந்த கிரீஸ் இறுகிக் கிடக்கும் அகன்ற டின். அதை அடுப்பில் வைத்து உருக்கி, செயினைச் சுருட்டி உள்ளே இறக்கி எடுப்பார்கள். இன்று சைக்கிள்காரர்கள் அதே வேலையைப் பாரஃபின் மெழுகில் செய்கிறார்கள், பெரும்பாலும் இதற்கென்றே ஒதுக்கிய மின்சார மெதுவேகக் குக்கரில். உருகிய மெழுகு கண்ணிக்குள் புகுந்து இறுகிவிடும். மேல்பரப்பு உலர்ந்திருப்பதால் தூசி ஒட்டாது, கை வைத்தாலும் கறுக்காது. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம், மறுபடி முக்க வேண்டும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எண்ணெய்ப் பசை சிறிதும் இருந்தால் மெழுகு பிடிக்காது, அதனால் புதுச் செயினின் தொழிற்சாலைக் கிரீஸையும் வழித்தெடுத்தாக வேண்டும். பாஸ்டனுக்கு அருகே மெக்கானிக்காக இருந்து 2008-இல் மறைந்த ஷெல்டன் பிரவுன் இதைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். தொழிற்சாலையில் போட்டு வரும் மசகுக்கு இணையாக வீட்டில் எதையும் போட முடியாது, புதுச் செயினைக் கழுவாதீர்கள் என்பது அவர் கட்சி. எண்ணெயில் ஓட்டுபவருக்கு அவர் சொன்னது சரி. மெழுகுக்கு மாறுபவருக்கு வேறு வழியில்லை. இரண்டையும் கலந்து, கழுவிய செயினில் ஏதோ ஒரு எண்ணெயை விட்டு ஓட்டுபவருக்குத்தான் இரண்டு பக்கமும் நஷ்டம். மெழுகை நேரடியாகத் தீயில் உருக்கவும் கூடாது. சுமார் 200 டிகிரியில் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். குக்கர் இல்லாதவர்கள் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மெழுகு உருகுவதற்கு அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே போதும்.

மற்ற வீட்டுச் சாமான்களில் உருப்படியாக உதவுபவை சிலவே. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை, அதில் குறி போட்டிருந்தால், டிஷ்வாஷரின் மேல் தட்டில் தாராளமாக வைக்கலாம். ஹெல்மெட்டை வைக்கக் கூடாது. தலையைக் காக்கும் அந்த நுரை சூட்டில் இளகிவிடும். அதன் உள் பஞ்சை மட்டும் கழற்றிக் கையால் அலசலாம். ஹேர் டிரையர் செயினைக் காயவைக்க ஆகும். வாக்குவம் கிளீனருக்குச் சுத்தம் செய்வதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது: சட்டத்துக்குள் ஓடும் கியர் கேபிளை மாற்றுவது. மேல் துளையில் மெல்லிய நூலை விட்டு, மற்ற ஓட்டைகளை டேப்பால் அடைத்து, கீழ்த் துளையில் வாக்குவம் குழாயை வைத்து ஓடவிட்டால், நூல் சில நொடிகளில் மறுபக்கம் வந்துவிடும். அதில் கேபிளைக் கட்டி இழுக்க வேண்டியதுதான். நூலின் மேல் முனையை மட்டும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மொத்த நூலும் வாக்குவம் பைக்குள் போய்ச் சேரும்.